ஊறல்

மார்ஃபின் அலமாரிக்கு இரண்டு சாவி.
ஒன்று என் இடுப்பில், ஒன்று டாக்டர் கையில்.
இரண்டும் ஒரே நேரத்தில் ஊரில் இருந்தால்தான்
கோரிப்பாளையத்தில் இன்று சிலர் தூங்கலாம்.

ஒச்சப்பன். வயது எழுபத்தாறு. தாடையில் புற்று.
மதுவிலக்குப் பிரிவில் ஏட்டாக இருந்து ஓய்வு.
மாத்திரையைக் கண்டதும் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.
"இது என்ன சரக்கு?"
சொன்னேன்.
"அபினியா?"
அபினியிலிருந்து பிரித்தது என்றேன்.
"எடை?"
பத்து மில்லிகிராம்.
"எத்தனை உருப்படி?"
நாற்பத்திரண்டு. நாலு மணிக்கு ஒன்று, ஒரு வாரத்துக்கு.
"சாட்சி யாரு?"
பின்னியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்,
சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

வருசநாட்டு மலையில் கஞ்சாச் செடியை
வேரோடு பிடுங்கி எரித்த மனுசன்.
காற்று திசை மாறிய ஒரு மாலையில்
எட்டுப் போலீஸும் ஒரு ஜீப் டிரைவரும்
காரணமில்லாமல் சிரித்துச் சிரித்து
இருட்டும்வரை மலையிறங்கவில்லையாம்.
அதை மட்டும் மகஜரில் எழுதவில்லை.

வேண்டாம் என்று போனவர்
மூன்றாம் ராத்திரி ஆட்டோவில் வந்தார்.
"சாணை பிடிக்கிறவன் ஒருத்தன்
தாடைக்குள்ள உக்காந்து மிதிக்கிறான்."

படித்ததை அவர் பேச்சுக்கு மாற்றத் தெரியாமல் மாற்றினேன்.
ஐயா, நரம்பில் ஒரு பூட்டு.
கசகசாக் காயில் கசியும் பால் அதற்குப் பொருந்துகிறது.
ஆனால் அந்தப் பூவுக்காக யாரும் பூட்டு செய்யவில்லை.
உங்கள் மண்டைக்குள்ளேயே ஊறல் போட்டிருக்கிறது
பிறந்த நாளிலிருந்து,
லைசென்ஸ் இல்லாமல்.
நகம் பெயர்ந்த காலோடு திருடனைத் துரத்தினீர்களே,
அன்றைக்குக் காய்ச்சி ஊற்றியது அதுதான்.
இப்போது வலி பெரிசு, ஊறல் பத்தவில்லை.
வெளியே கொஞ்சம் கடன் வாங்குகிறோம்.

பாதித் தாடையால் சிரித்தார்.
"முப்பத்தோரு வருச சர்வீஸ்.
இந்த ஒரு ரெய்டு விட்டுப்போச்சே."

விழுங்கினார்.
பேதி மருந்தும் சேர்த்தே கொடுத்தேன்.
அந்தப் பூட்டு குடலிலும் இருக்கிறது,
எந்த மருந்துக்கும் ஒரு அறை மட்டும் தெரியாது.

"வலி போயிடுச்சா?" என்றேன், அடுத்த வாரம்.
"போகல. அங்கனதான் இருக்கு.
பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி கேக்குது."

அன்றுதான் சொன்னார்.
மில்லுக்குப் போகும் அம்மா விடியலில்
கடுகளவு அபினியை விரலில் தொட்டு
நாக்கில் தடவுவாளாம், ஷிஃப்ட் முடியும்வரை தூங்க.
பொன்னகரம் வரிசை வீட்டில் இவர் விழித்தார்.
தம்பி விழிக்கவில்லை.
"அளவு தப்பிப்போச்சு" என்றார்,
அம்மா மேல் கேஸ் போடாத குரலில்.

கீழமாசி வீதியில் கசகசா வாங்கி
சால்னாவில் அரைத்து ஊற்றும் ஊர் இது.
விதைக்கு யாரும் சாவி கேட்பதில்லை.
வாகடங்களில் கஞ்சாவுக்கும் ஊமத்தைக்கும்
சுத்தி செய்யும் முறை உண்டு;
பாலில் வேகவைத்தார்கள், நாள் கணக்கு வைத்தார்கள்,
அவர்களும் பயந்துகொண்டேதான் கொடுத்தார்கள்.
நஞ்சுக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு கடுகு.
அதை எண்ணத்தான் எனக்குச் சம்பளம்.

பங்குனியில் பின்னியக்கா தனியாக வந்தார்.
மஞ்சள் பையிலிருந்து பதினாலு மாத்திரை.
நான் எண்ணினேன். அவரும் எண்ணினார்.
பதிவேட்டில் சிவப்பு மையில் ஏற்றி
இரண்டு சாவியும் திருகியாயிற்று.
அவர் நகரவில்லை.
"ரசீது குடும்மா.
அவுகளுக்கு ரசீது இல்லாம ஆகாது."

அதற்கொரு படிவம் ஆஸ்பத்திரியில் இல்லை.
ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
உருப்படி பதினான்கு.
எடை நூற்று நாற்பது மில்லிகிராம்.
சாட்சி, மெகராஜ் பானு, மருந்தாளுநர்.