டிரைவரை இறக்கிவிட்டு எடை போடவும்

புதுவயல் ரைஸ்மில் எடைமேடையில்
இருபத்திரண்டு வருஷம் ரசீது எழுதிய கை இது.
இப்போது எழுதினால்
எழுத்து எறும்பாய்ச் சிறுத்து
வரி முடிவதற்குள் காணாமல் போகிறது.

அந்தக் கையில்தான் கட்டினார்கள்
கறுப்புப் பட்டையை.
மணி காட்டாது.
நடுக்கம், நடை, தூக்கம்
எல்லாம் தானே எழுதிக்கொள்ளும் என்றார்
ஆராய்ச்சிக்கு வந்த டாக்டர் நாச்சம்மை.

முதல் மாதக் கணக்கில்
ஒரே நாளில் ஆறாயிரம் அடி நடந்திருந்தேன்.
நான் எங்கே நடந்தேன்?
காரைக்குடி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றேன்.
கோட்டையூர் ரோட்டுக் குழிகள்
என் பேரில் நடந்திருந்தன.

அதைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை.
குறித்துக்கொண்டார்.
அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் வாங்க என்றார்.

ஆஸ்பத்திரி மாடியில் பதினோரு பேர்,
எல்லோருக்கும் பார்க்கின்சன்.
யாரோ யோசித்திருக்கிறார்கள்:
காபி அரை டம்ளர்தான் ஊற்றியிருந்தது.
திரையில் ஒரே கேள்வி.
நாங்கள் எதை அளக்கட்டும்?

கொஞ்ச நேரம்
கைகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

கல்லல் மெய்யர் ஆரம்பித்தார்:
கல்லாவில் நான் சில்லறை எண்ணும்போது
பின்னால் வரிசை பெருமூச்சு விடுமே,
அந்த நிமிஷத்தை அளங்க.
ரஹீமா பீவிக்கு ஜாக்கெட் கொக்கி.
அஞ்சு கொக்கி டாக்டர்,
மருமகளைக் கூப்பிடாத நாளை எண்ணுங்க.
ஆரோக்கியசாமி எழுதிக் கொடுத்ததைக்
கண்ணாடி வைத்துப் படித்தார்கள்:
என் குரல்.
போன் போட்டால் ராங் நம்பர் என்று வைத்துவிடுகிறார்கள்.

நான் சொன்னேன்,
ராத்திரி புரண்டு படுக்கணும்.
ஒரே பக்கம் கிடந்தால்
காது வலிக்கும், தெரியுமா உங்களுக்கு?

தெரியாது என்றார் நாச்சம்மை.
போர்டில் முதலில் இருந்த நடையைக்
கீழே இறக்கி எழுதினார்.
மேலே: புரளுதல்.

மாத்திரை மாற்றிய ஆறாம் வாரம்
கோடு ஏறியிருந்தது.
ராத்திரிக்கு நாலு தடவை புரண்டிருக்கீங்க!
லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்,
பரீட்சை பாஸான முகத்தோடு.

நாலையும் பார்த்தேன்.
பதினொன்றரை என்னுடையது. விடியற்காலை அஞ்சும்.
ஒன்றே முக்காலும் மூணே காலும்
சேவுகனுடையவை.

நான் கூப்பிடுவதில்லை.
மூச்சு கொஞ்சம் மாறும், அவர் எழுந்துவிடுவார்.
ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில்.
அதே மில்லில் மூட்டை இறக்கியவர்,
ஒரு நாளும் என்னை மூட்டையாகப் புரட்டியதில்லை.
காலையில் ரெண்டு பேரும் அதைப் பேசமாட்டோம்.

சும்மா இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது.
ஏறின கோடு. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் எடைமேடையில்
என் தலைக்கு மேல் தொங்கிய பலகை
இருபத்திரண்டு வருஷம் தொங்கியது.
நெல்லோடு வரும்போது உள்ளேயே உட்கார்ந்திருப்பான்,
வெறும் வண்டி எடைக்கு இறங்கி டீ குடிக்கப் போவான்.
அந்த எண்பது கிலோ யார் வயலில் விளைந்தது?
எத்தனை லாரியைத் திரும்ப ஏற்றியிருக்கிறேன்,
எத்தனை வசவு.

டாக்டர்,
இதில் ரெண்டு என்னுடையது இல்லை.

அவர் முகம் இறங்கியது, உண்மைதான்.
கோட்டையும் இறக்கினார்.
பிறகு பேனாவைக் கடித்துக்கொண்டே கேட்டார்,
அந்த ரெண்டை எந்தப் பத்தியில் எழுத?
பிறர் உதவி என்று போடலாமா?

பிறர் வேண்டாம் என்றேன்.

இப்போது சேவுகன் கையிலும் ஒன்று.
கையெழுத்துப் போடுமுன்
படிவத்தை ரெண்டு தரம் வாசித்தார்.
இது எதை அளக்கும் என்றார்.
நீங்க எந்திரிக்கிறதை.
அதை எதுக்கு அளக்கணும் என்று
திரும்பிப் படுத்துக்கொண்டார்,
எவ்வளவு சுலபமாக.

பட்டை அரிக்கிறதாம்.
அடுத்த கூட்டத்தில் சொல்லணும்.