கேற்றடியில் ஆரோ

களுவாஞ்சிகுடியில், பிரதேச செயலகத்துக்கு எதிரே
இரண்டு கொம்பியூட்டர், ஒரு போட்டோக்கொப்பி மெசின்,
மழைக்கு ஒழுகும் தகரம்: இதுதான் என் கடை.
பிறப்புப் பதிவு, காணி உறுதி, கலியாண எழுத்து
எதுவானாலும் ஆங்கிலத்துக்கு மாற்றி அனுப்புவேன்,
பக்கத்துக்கு நூறு ரூபாய்.

தவம் வந்து நின்ற நாள் அடைமழை.
தவராசாவின் தவமா, தவமணியின் தவமா என்று
அடையாள அட்டையை நான் கேட்கவில்லை.
பொலித்தீன் பைக்குள் மடித்த கடிதம்,
விடுதிப் பொறுப்பாளர் தமிழில் எழுதித் தந்தது:
'அவர் நேர்மையானவர். அவர் சமைத்தால்
நூறு பிள்ளைகளும் சட்டி வழிப்பார்கள்.'
பாசிக்குடா ஹோட்டலுக்கு அது ஆங்கிலத்தில் வேண்டும்.

முதல் அவரிலேயே விரல் நின்றுவிட்டது.
ஹீ என்றால் பொய்யாகலாம். ஷீ என்றாலும்.
தே என்று அடித்தேன்.

பின்னால், சோதனைத்தாள் கொப்பி எடுக்க நின்ற
கனகநாயகம் சேர் திரையை வாசித்துவிட்டார்.
"பிள்ள, தே எண்டா பன்மை.
எத்தின பேர் சமைக்கப் போறாங்க ஹோட்டல்ல?"
முப்பது வருசச் சிவப்புப் பேனை
அந்தக் குரலுக்குள் திறந்தே இருந்தது.

பெயருக்கு முன்னால் போடும் பட்டியலை இறக்கினேன்.
மிஸ்டர், மிசிஸ், மிஸ், கடைசியில்
எம் எக்ஸ் என்று ஒன்று.
"மிக்ஸ் எண்டு சொல்றதாம், சேர்."
"மிக்ஸா, மிக்சரா?"
சிரிப்பு தகரத்தில் பட்டுத் தெறித்தது.
தவம் மட்டும் நிதானமாய்:
"மிக்சர் எண்டா கடலை கூடப் போடச் சொல்லுங்க, சேர்."

கைத்தறிச் சாறிக்கு விலைப்பட்டியல் அடிக்க வந்த
மருதமுனை ஜெஸீமா கதிரையை இழுத்துப் போட்டா.
"சேர், ராவையில நாய் குரைச்சா
ஊட்டுக்குள்ள என்ன சொல்லுவீங்க?
கேற்றடியில ஆரோ நிக்கிறாங்க எண்டுதானே?
நிக்கிறது ஒராள்."

சேர் குடையை மறுகைக்கு மாற்றினார்.
"அது பேச்சு. இலக்கணம் வேற.
எண்டாலும் தமிழுக்கு இந்தக் கரைச்சலே இல்ல.
எங்களிட்ட அவர் இருக்கு."

இருக்கிறது.
காலையில் நான் மீன்காரன் வந்தான் என்றேன்,
வங்கி மனேஜர் வந்தார் என்றேன்.
என் நாக்கடியில் ஒரு சின்னக் கச்சேரி
சம்பளத்தையும் செருப்பையும் பார்த்துப் பார்த்து
யாருக்கு 'ர்' கொடுப்பதென்று முத்திரை குத்துகிறது.
ஆங்கிலத்துக்கு ஒரு சொல்லில்தான் முடிச்சு,
எங்களுக்கோ ஒவ்வொரு வினைக்கும் வால்.
ஆளை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லாமல்
ஒரு வசனம்கூட வீடு போய்ச் சேராது.

அது வருகுது பார், என்று தவத்தை
இதே வாசலில் சொன்னவர்கள் உண்டு.
தொட்டில் பிள்ளையையும் அது என்போம்தான்.
அந்த அதுவில் பால் மணக்கும்.
இந்த அதுவில் கல்லிருக்கும்.

இருட்டில் நிற்கிறவருக்குக் கேளாமலே தருகிறோம்
ஒரு பன்மையை, பயத்தோடோ மரியாதையோடோ.
லைற்றைப் போட்டதும் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்.

இதையெல்லாம் நான் சேருக்குச் சொல்லவில்லை.
கொப்பி ஒன்றுக்குப் பத்து ரூபாய் தருகிறவர்,
மாதத்தில் இருபது நாள் வருகிறவர்.
அச்சுப் பொத்தானை மட்டும் அமத்தினேன்,
தே தேயாகவே இருந்தது.

தவம் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து
எழுத்தெழுத்தாய் வாசித்தார்.
விரல் மிக்ஸைத் தாண்டியது, தேயைத் தாண்டியது,
மூன்றாம் வரியில் நின்றது.

"பன்னெண்டு இல்ல. பதினாலு வருசம் சமைச்சன்.
அதத் திருத்துங்க."

திருத்தினேன். காசு வாங்க மனம் வரவில்லை,
ஆனாலும் வைத்துவிட்டுப் போனார்,
ஈர நோட்டு, மசாலா மணம்.

பிழைத்த தாளைச் சேர் கேட்டு வாங்கினார்,
பின்பக்கம் வெள்ளையாம்.