சுற்றுச் சத்தம்

இரவு ஒன்பதரைக்கு நான் நான்சி ஆகிறேன்.
வேலூர் கஸ்பாவில், ஒரு மாடி அறையில்,
கொடியில் காயும் துப்பட்டாக்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு
ஹெட்செட்டை மாட்டினால் போதும்.
காதுக் கருவி விற்கும் கம்பெனி.
சுவர் இன்னும் பகல் வெயிலைக் கக்கிக்கொண்டிருக்கும்,
அகழிப் பக்கமிருந்து கொசு வரும்,
அமெரிக்காவிலிருந்து காது மந்தமானவர்கள் வருவார்கள்.

பயிற்சியில் பிரேம்நாத் சார் சொன்னது:
"வஜீஹா நல்ல பேருதாம்மா.
அவங்க வாய்ல நிக்கணும்ல?"
நான்சி நின்றது. மூன்று வருடமாக நிற்கிறது.

மினசோட்டாவிலிருந்து ஹால்வர்சன்,
எண்பத்தொரு வயது, இடது காதில் விசில்.
நான்சியைத் தவிர யாரிடமும் பேச மாட்டார்.
அவர் வாசலில் விழுந்த பனியின் ஆழம்
அங்குலம் அங்குலமாக எனக்குத் தெரியும்.
என்னைக் கிறிஸ்தவப் பெண் என்று அவராக முடிவுகட்டினார்.
டிசம்பரில் ஆசி சொன்னார். வாங்கிக்கொண்டேன்.
ஆசியை யார் திருப்பி அனுப்புவார்கள்?

இந்த மே மாதம் புதுப் புகார்:
"ரொம்ப நன்றாகக் கேட்கிறது, நான்சி."

பக்கத்து வீட்டுக்குச் சோமாலியாக்காரர்கள் வந்திருக்கிறார்கள்.
அந்தப் பெண் தலையை மூடியிருக்கிறாள்.
பிள்ளைகள் மூன்று, சைக்கிள் ஒன்று, மணி ஓயவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் பேசுவது காதில் விழுகிறது,
புரியவில்லை, ஆகவே
தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறார்.
"அதை மட்டும் குறைக்க முடியுமா?"

முடியும். மெனுவில் மூன்றாவது,
சுற்றுச் சத்தம் என்று பெயர்.
அதைக் குறைத்தால் மழையும் குறையும், கெட்டில் கொதிப்பதும்.
"பறவைகளுமா?"
"பறவைகளும்தான், சார்."

யோசித்தார்.
"நீ நல்ல பெண், நீயே சொல்.
உங்கள் ஊரிலும் அவர்கள் உண்டாமே.
பயமாக இல்லையா?"

காட்பாடி காந்தி நகரில் போன வருடம் வீடு கேட்டேன்.
போனில் தேன் ஒழுகியது: "வாங்கம்மா,
தண்ணி இருபத்திநாலு மணி நேரமும் வரும்."
பேரைச் சொன்னேன்.
அந்த நிமிடமே வீடு
அவர் மருமகனுக்குத் தேவைப்பட்டது.

"பயமாகத்தான் இருக்கிறது" என்றேன்.
பொய் இல்லை.
"பார்த்தாயா!" என்றார், பிரியமாக.

நாலு இருபத்தைந்து.
தொண்டையைச் செருமியது பள்ளிவாசல் ஒலிபெருக்கி.
இந்த நேரம் விரல் தானாக மியூட்டுக்குப் போகும்;
எழுநூறு விடியல்களை அப்படி அமுக்கியிருக்கிறேன்.
இன்று போகவில்லை.
துணிச்சல் என்று சொல்ல மாட்டேன்.
அந்தப் "பார்த்தாயா"வில் விரல் மாட்டிக்கொண்டது,
அவ்வளவுதான்.

முழு பாங்கும் போனது, கடலுக்கு அடியில்,
நான் சரிசெய்து கொடுத்த கருவி வழியே,
அவருடைய நல்ல காதுக்கும் கெட்ட காதுக்கும்.

"யாரோ பாடுகிறார்களா?"
"தூங்குகிறவர்களை எழுப்புகிறார்கள், சார்."
"அழகாக இருக்கிறது" என்றார்.
பிறகு, கொஞ்சம் மெல்ல:
"வேலிக்கு அந்தப் பக்கம்கூட இதே மாதிரி..."
திரையில் நொடிகள் ஓடின. பதினொன்று. இருபது.
அந்தப் பக்கம், வெகு தூரத்தில், ஒரு சைக்கிள் மணி.
லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

ஐந்தே முக்காலுக்கு மதிப்பீடு வந்தது.
சேவைக்கு ஐந்து நட்சத்திரம்.
குறிப்பு: பின்னணியில் சத்தம்.
எந்தப் பின்னணி என்று எழுதவில்லை.

தூக்குவாளியோடு கீழே இறங்கினேன்.
பால்காரர் தேவராஜுக்கு ஜ-வும் ஹ-வும் என்றைக்கும் தகராறு.
"வசீகாக்கா, அரை லிட்டரா?"
பதினைந்து வருடமாக இப்படித்தான் கூப்பிடுகிறார்,
என் பேருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

அரை லிட்டர்தான், என்றேன்.