முரண்தடை

ரோலாவில், ஷவர்மாக் கடைக்கு மேல் என் டைப்பிங் சென்டர்.
வலமிருந்து அரபியும் இடமிருந்து தமிழும் நடந்து வந்து
தாளின் நடுவில் முட்டிக்கொள்ளும்.

இந்த வாரம் முட்டியது ஒரே சொல்: முரண்தடை.
சொன்னவன் தன் சொல்லை விழுங்கப் போனால்
மீன்முள்ளாய்த் தொண்டையில் நிற்கும் சட்டம்.

கிரேன் ஓட்டும் சூசை மிக்கேலுக்கு
மேலாளர் அனுப்பிய வாட்ஸப் குரல், நாற்பத்திரண்டு விநாடி:
"ஃபுஜைராவுக்குப் போகாதே.
மார்ச்சிலிருந்து நானூறு திர்ஹம் கூட."
போகவில்லை.
வராத நானூறை நம்பி வேம்பாரில்
தம்பி படகுக்குத் தவணையில் எஞ்சின்.
மார்ச் போயிற்று, ஜூனும் போயிற்று.
நம்பி ஒருவன் கால் வைத்தபின்
பலகையை உருவக் கூடாதாம்.
அடிக்கோடிட்டேன்.

பதினொரு மாதம் நள்ளிரவு வரை கேபினில் இருந்தான்.
ஃபோர்மேன் கீழிருந்து டார்ச் அடித்து வழிகாட்டினாரே தவிர
ஒருநாளும் இறங்கு என்றதில்லை.
இன்று கேட்டால், ஓவர்டைமா, யார் சொன்னது?
பேச வேண்டிய இடத்தில் வாய்மூடியவர்
பேசியவர்தான்.

வேலையில் சேர்ந்த தேதியைக்கூட மாற்றிப் பார்த்தார்கள்.
அது போன வழக்கின் தீர்ப்பிலேயே இருக்கிறது,
மை காய்ந்து.

எல்லாம் நம் பக்கம் என்று
இரண்டு சுலைமானி சொன்னேன்.

விசாரணை திரையில். கம்பெனி வக்கீல்
ஒரே ஒரு தாளைக் காட்டினார்.
"சேர வேண்டியது அனைத்தும் பெற்றுக்கொண்டேன்.
இனி எனக்குக் கோரிக்கை ஏதுமில்லை."
சூசை மிக்கேலின் கையெழுத்து.
தான் எழுதிக் கொடுத்ததைத் தானே மறுக்கலாமா என்றார்.
நான் அடிக்கோடிட்ட அதே சட்டம்
வால் சுழற்றி அவன் பக்கம் திரும்பியது.

கையெழுத்துக்குக் கீழே நீல முத்திரை,
அதில் என் உரிம எண்.

வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு நேரமாகியிருந்தது.
"என்னண்ணே எழுதியிருக்கு?" என்றான்.
"பாஸ்போர்ட் திருப்பித் தர்ற தாள். போடு."
ஐம்பது நீட்டினான். முப்பது எடுத்து
இருபதைத் திருப்பிக் கொடுத்தேன், சரியாக.
அவன் போனபின் வழக்கமான வரியை அடித்தேன்:
வாசித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டார்.

நீதிபதி இப்போது என்னைக் கேட்கிறார்,
வாசித்துக் காட்டினீர்களா?

பொய்யை எழுதியவன்
அதை மறுக்க முடியுமா, முடியாதா?
புத்தகம் மேசையில்தான் இருக்கிறது,
புரட்ட நேரமில்லை.
மைக்கின் மேலிருந்த சிவப்புக் கோடு மறைகிறது.
தன் சதுரத்துக்குள் சூசை மிக்கேல்
என் வாயையே பார்க்கிறான்.