சூரியன் பெயரில் ஒரு பக்கம்

புதுவயல் ரைஸ் மில்லில் கணக்கு என்னுடையது.
உமிக்கு ஒரு பேரேடு, தவிட்டுக்கு ஒன்று,
லாரி வாடகை, சாக்கு, சணல், கோணி ஊசி.
மின்வாரியத்துக்குத் தனிப் பக்கம்:
மாதம் தவறாமல்
கடன்காரன் போல வாசலில் நிற்கும்.

போன வைகாசியில் தகரக் கூரைமேல்
நானூற்றுப் பன்னிரண்டு பேனல் ஏறின.
முதலாளி கேட்டார்:
“மெய்யம்மை, இதை எதில் வைப்பாய்?”
“முதலீட்டில்.”
“அது பேனல். வெயிலை?”

பேனாவை மூடிவைத்தேன்.

வெயில் இந்த மில்லுக்குப் புது ஆள் இல்லை.
அவித்த நெல்லைக் களத்தில் காயவைக்க
அறுபது வருஷமாய்க் கூலியில்லாமல் வருகிறது.
ஒருநாளும் அதன் பெயரை எழுதியதில்லை.
வராத நாளைத்தான் எழுதினோம்,
நட்டம் என்று,
சிவப்பு மையில்.

மாட்ட வந்தவர்களில் ஒருவர் சூசைமாணிக்கம்.
தூத்துக்குடியில் கரி ஏறும் பெல்ட் ஓரம்
பதினேழு வருஷம், கான்ட்ராக்ட்.
துண்டை உதறினால்
சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் இருட்டும் என்றார்,
சிரிக்காமல்.
பேனலைத் துடைத்ததும்
இப்போதும் துணியைப் பிரித்துப் பார்க்கிறார்.
செம்மண்.
நம்பாமல் இன்னொரு முறை பார்க்கிறார்.
“அங்கே ஷிப்டுக்கு நூறு பேர் இருந்தோம்மா.
இங்கே அஞ்சு பேர், பதினோரு நாள்.
அப்புறம் வேறே கூரை தேடணும்.”
இதற்கும் என்னிடம் பத்தி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது,
மீட்டர் மட்டும் வெளியே பார்த்து ஓடும்.
எங்கள் கூரை வெயில்
கண்டனூரில் யார் வீட்டு மிக்சியிலோ
தேங்காய்ச் சட்னி அரைக்கும்.

ஆறரைக்கு மேல்
இரவு ஷிப்டுக்கு மோட்டாரைப் போட்டால்
எங்கோ ஒரு கரிவண்டி குலுங்கத்தான் செய்கிறது.
அதை மறைக்கவில்லை.
பகல் இத்தனை யூனிட், இரவு இத்தனை.
இரண்டாவது எண் குறையவேண்டும் என்ற ஆசை
கூட்டலில் சேராது;
ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

நேற்று சூரியன் பெயரில் பக்கம் திறந்தேன்.
விலாசம்: தெரியாது.
ஜாமீன்: இல்லை.
வட்டி: கேட்கவில்லை.
வரவு மட்டும் நிரம்பிக்கொண்டே போகிறது,
பற்று எழுத
நாங்கள் இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை.

ஆடிட்டர் பார்த்தால் சத்தம்போடுவார்.
போடட்டும்.
உச்சிப்பொழுதுக்கு வரச்சொல்லியிருக்கிறேன்,
ஏசி ஓடும்.