முப்பத்தொன்றில் முதலாவது

யோயென்சூ. நவம்பர்.
மாலை நாலு மணிக்கே ஊர் கடையடைத்த மாதிரி இருட்டு.
ஹாக்கி ஆடும் பனித்தளத்தின் மேல் பலகை பரப்பி
மேடை போட்டிருக்கிறார்கள்.
குளிர் இடுக்கு வழியே ஏறி
முதலில் தொடுவது டிரம்மர் கௌக்கோவின் முழங்காலை.
இடது மூட்டு பிறவியில் வந்தது.
வலது, போன வசந்தத்தில் வைத்த உலோகம்.
"உலோகம்தான் தாளம் தப்புவதில்லை" என்கிறார்
சிரிக்காமல்.

ஒப்பந்தத்தில் முன்பு நாலு பாட்டில் வோட்கா கேட்பார்கள்.
இப்போது லாக்டோஸ் இல்லாத பால்,
முதுகு சாய்கிற நாற்காலி.

நான் இடது ஓரம், கறுப்புத் திரைக்குப் பின்னால்.
கூட்டத்துக்கு என்ன கேட்கிறது என்பது வேறொருவர் கவலை.
இவர்கள் காதுக்குள் இவர்களையே அனுப்புவது என் பிழைப்பு,
பத்தொன்பது வருஷமாக.
அதனால் தெரியும்:
பாட்டைத் தொடங்குமுன் தைஸ்தோ இரண்டு தடவை எச்சில் விழுங்குவார்.
ரெய்யோவின் கல்யாண மோதிரம் கித்தார்க் கழுத்தில் உரசும்,
விவாகரத்தாகி ஆறு வருஷம் ஆன பிறகும்.
பாஸ் வாசிக்கும் இல்போ மட்டும் என் காதில் விழுந்ததில்லை.
அவருக்கு மைக் கிடையாது.
உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன்:
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
நாற்பத்து நாலு வருஷமாக எண்ணுகிறார்.

ஏழாவது பாட்டு 'எட்டாம் எண் கிடங்கு'.
அதில் ஓர் இடம், குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகவேண்டும்.
ஒத்திகையில் ஒரு கட்டை இறக்கினோம்.
பிறகு இன்னும் அரைக் கட்டை.
அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
மேலாளர் மட்டும் வந்து
என் கணினியில் ஒரு விசையைக் காட்டினார்.
அழுத்தினால்
பழைய ஒலிநாடாவிலிருந்து
இருபத்திரண்டு வயது தைஸ்தோ கத்துவான்.
"அவருக்குத் தெரியவேண்டாம்" என்றார்.

விளக்கு அணைந்தது.
நாலாயிரம் பேர், பாதிப்பேர் கம்பளிக் குல்லாயைக் கழற்றவில்லை.
முதல் பாட்டிலேயே ரெய்யோ வேறு கித்தாரை எடுத்துவிட்டார்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை, அல்லது
கண்டுபிடித்தும் கிழக்கத்தி மரியாதையில்
வாயைத் திறக்கவில்லை.
ஐந்தாவதில் கூட்டம் சூடானது.
ஆறாவதில் பலகை அதிர்ந்தது,
அடியில் பனி ஒரு பெரிய பல்லைக் கடித்தது.

ஏழு.
தைஸ்தோ விழுங்கினார். விழுங்கினார்.
மூன்றாவது தடவையும் விழுங்கினார்.

நான் அழுத்தவில்லை.
நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
விரல் மரத்துப்போயிருந்தது,
அந்த நொடியில் அதை வாயருகே வைத்து
ஊதிக்கொண்டிருந்தேன்.

குரல் ஏறியது,
கடைசிப் படிக்கு முந்தைய படியில்
நின்றுவிட்டது.
லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நிற்கிற மாதிரி.
அப்போது இல்போ
தரையில் ஒட்டியிருந்த தன் அடையாளத்தை விட்டு
நாலு எட்டு நடந்து
தைஸ்தோவின் மைக்கில் வாய் வைத்தார்.
குரலா அது? கீல் துருப்பிடித்த கொட்டகைக் கதவு.
பாதி வரி. அவ்வளவுதான்.
யாரோ விசிலடித்தார்கள், யாரோ சிரித்தார்கள்,
தைஸ்தோவும் சிரித்தார், மூச்சு மைக்கில் இடித்தது.
இல்போ கூச்சத்தோடு இடத்துக்குத் திரும்பினார்
எண்ணிக்கையைத் தொலைத்துவிட்டு.
இரண்டு அடி தவறியது.
கௌக்கோவின் உலோகக் கால்
அந்த இரண்டு அடியும்
அவருக்காகக் காத்திருந்தது.

நள்ளிரவு, பஸ்ஸில், காயானி போகும் சாலை.
தைஸ்தோ எலுமிச்சை வெந்நீரைக் குடித்தபடி
என்னைப் பார்க்காமலே சொன்னார்:
"அந்தப் பையனை அழித்துவிடு.
தூங்கட்டும்."
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நாளைய மேடைப்படத்தை விரித்து
பாஸுக்கு முன்னால் பென்சிலால் ஒரு மைக் வரைந்தேன்,
பக்கத்தில் கேள்விக்குறி.
முன்சீட்டில் இல்போவிடம் நீட்டினேன்.
"வேண்டாம்" என்றார்.

வெளியே பனி, மரங்கள், மறுபடி மரங்கள்.
நாற்பது கிலோமீட்டர் தாண்டியிருக்கும்.

"சின்னதாக ஒன்று இருந்தால்
போதும்" என்றார்.