உப்பில்லாத தட்டு

விடியப்புறம் மூன்று மணிக்கு
கடைசிப் பாணையும் இழுத்தெடுத்த பிறகு
போறணைக்குள் ஒரு சூடு மிஞ்சும்.
பாணுக்கு அது காணாது.
கையை உள்ளே நீட்டினால் பதினைந்து வரை எண்ணலாம்,
அதற்கு மேல் ஏலாது.
விறகுக்குக் காசு கொடுத்தவர் முதலாளிதான் என்றாலும்
மிச்சச் சூட்டுக்கு அவர் கணக்கு எழுதுவதில்லை.
அதற்குள்தான் என் தட்டைத் தள்ளுவேன்.

குரக்கன் மா இரண்டு சுண்டு.
அவித்து மசித்த பூசணி, கையில் ஒட்டாத அளவுக்கு.
ஒரு முட்டை.
நெத்தலிக் கருவாட்டோடுதான் மல்லுக்கட்டு:
மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்து
உப்பெல்லாம் போக்காட்டி
திரும்பவும் வெயிலில் காயப்போட்டு இடிக்க வேண்டும்.
காகத்துக்குக் காவல் நான்.
பகலில் நித்திரை கொள்ள வேண்டியவன்.

“இதயம் கொஞ்சம் வீங்கியிருக்கு” என்றா
திருநெல்வேலி மிருக டொக்டர்.
“உப்பு ஒரு கல்லும் ஆகாது.
வெங்காயம், பிளம்ஸ் ஆகாது.
சொக்லேற் கண்ணிலயும் காட்டாதேங்கோ.”
“பேக்கரியில வேலை செய்யிற எனக்கு
வேற என்ன டொக்டர் மிச்சம்?” என்று கேட்டேன்.
சிரித்தா.
அது மேசையில் படுத்தபடி
அவவின் மணிக்கூட்டை நக்கியது.

பெயர் கேற்று.
போன மாரிக்கு முந்தின மாரி
கேற்றடியில் நனைந்துகொண்டு கிடந்தது;
பெயரையும் அங்கேயே எடுத்துக்கொண்டது.

எலும்பு வடிவத்தில் அச்சு
கொழும்பில் விற்கிறார்களாம்.
என்னிடம் இருப்பது மருந்துப் போத்தல் மூடி.
அதனால் வந்த வினைதான் எல்லாம்.
வட்டமாக இருந்தால் யாருக்குத் தெரியும்?

அன்றைக்குத் தட்டை ஆறவைத்துவிட்டு
மறந்துபோய் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.
பின்னேரம் போனால்
கண்ணாடிப் போத்தலில் பொடியன் நிமலரூபனின் கையெழுத்து:
“குரக்கன் பிஸ்கற், ஒன்று 20/=”
போத்தல் வெறுமை.
லாச்சிக்குள் எழுநூற்று இருபது ரூபாய்.
முப்பத்தாறு பிஸ்கற்.

மா மூட்டையில் இருந்துவிட்டேன்.
அன்று வெள்ளிக்கிழமை.
கொக்குவிலில் அரைவாசிப் பேர் சைவம்.
யார் யார் வாங்கினது என்று கேட்டேன்.
பொடியன் விரல் மடித்து எண்ணத் தொடங்கினான்.
ஐந்தாவது விரலில்
“காணும்” என்றேன்.

அடுத்த நாள் காலை, கடை திறக்க முன்னமே
ஓய்வுபெற்ற நில அளவையாளர் சிவகடாட்சத்தார்,
சைக்கிளில் ஒரு கால், படியில் ஒரு கால்:
“நேற்றைய பிஸ்கற் இருக்கோ?
சீனி இல்லை, உப்பில்லை, எனக்கெண்டே செய்தமாதிரி.
ஆனா ஒரு ருசி இருக்கு தம்பி,
அடிநாக்கில நிக்குது. என்ன போட்டனீர்?”

“கைப்பக்குவம், ஐயா.”

முதலாளிக்குச் சந்தோஷம்.
“கிழமைக்கு மூண்டு தட்டுப் போடும்” என்றார்.
அன்றிரவு நெத்தலி இல்லாமல் போட்டேன்,
எள்ளை வறுத்துத் தூவி,
மனச்சாட்சிக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பூவும் சேர்த்து.
சிவகடாட்சத்தார் ஒன்றைக் கடித்தார்,
மென்றார்,
நிலம் அளக்கிறவரைப்போல் தூரத்தைப் பார்த்தார்.
“நல்லாத்தான் இருக்கு.
ஆனா அது இல்லை.”

இப்போது இரண்டு தட்டு.
மற்றதைத் துணியால் மூடி
மேலே செங்கட்டி வைத்து
“தொடாதே” என்று எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வர வெளிச்சம் பரவிவிடும்.
சைக்கிள் சத்தத்துக்கு முன்போல் ஓடி வராது கேற்று.
படுத்த இடத்தில் கிடந்து
வாலால் வேலித் தகரத்தில் அடிக்கும்.
பிஸ்கற்றை வாங்கியதும்
மெல்ல எழும்பி
வேலி மூலைக்குக் கொண்டுபோய்
முதுகைக் காட்டிக்கொண்டு தின்னும்,
யாரோ பறித்துவிடுவார்கள் என்பதுபோல.

முந்தி அதைப் பார்த்துச் சிரிப்பேன்.
இப்போது
நானும் ஒருக்கால் ரோட்டைப் பார்த்துவிட்டுத்தான்
பையை அவிழ்க்கிறேன்.